நாற்பது பேர் பனியன் கம்பெனியில் யார் எதை முடிவு செய்வது?

திருப்பூரில் 24 மிஷின், 40 ஆள் வைத்து ஓடும் யூனிட் எதற்குள் போனாலும் மேனேஜர் இருப்பார், சூப்பர்வைசர் இருப்பார், கட்டிங் மாஸ்டர் (துணி வெட்டுபவர்), கியூசி (தரம் பார்ப்பவர்), அக்கவுண்ட்ஸ் என்று எல்லாருமே இருப்பார்கள். ஆனால் நூல் கோன் தீர்ந்தாலும் முதலாளிக்குத்தான் போன் போகும். துணி ஓர் இன்ச் டயா (அகலம்) குறைவாக வந்தால் வெட்டலாமா என்று மாஸ்டர் மேனேஜரைக் கேட்பார், மேனேஜர் முதலாளியைக் கேட்பார், முதலாளி பேங்கில் உட்கார்ந்திருப்பார். முக்கால் மணி நேரம் கட்டிங் டேபிள் சும்மா கிடக்கும். மதியத்துக்கு மேல் தையல் லைனுக்கு பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) வராது. அன்றைக்கு 12 டெய்லருக்குப் பாதி ஷிப்ட் சம்பளம் வீண்.

அவர்கள் யாரும் திறமை இல்லாதவர்கள் அல்ல. எந்த முடிவை யார், எந்த அளவு வரை, யாரையும் கேட்காமல் எடுக்கலாம் என்பதை அந்தக் கம்பெனியில் யாரும் எழுதி வைக்கவில்லை. பதவி கொடுத்தாயிற்று, சம்பளமும் கொடுத்தாயிற்று; முடிவெடுக்கும் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. சிறு தொழிலில் தலைமைப் பொறுப்பு என்று பேச ஆரம்பித்தால் இந்த ஒரு இடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒரு வாரம் நோட்டு போடுங்கள்

பொறுப்புகளைப் பிரிக்க உட்காருவதற்கு முன்னால், திங்கள் முதல் சனி வரை முதலாளியிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். நேரம், கேட்டவர், கேள்வி, சொன்ன பதில். நான்கே கட்டம் போதும். 40 பேர் கம்பெனியில் வாரத்துக்கு நூறு கேள்விக்குக் குறையாமல் வரும்.

சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த பிறகு அந்த நோட்டை எடுத்து மூன்று குறி போடுங்கள். எப்போதும் ஒரே பதில் சொல்கிற கேள்விகளுக்கு ஒரு குறி. அவற்றை எழுதி ஒட்டிவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை. தொகையோ அளவோ ஓர் எல்லைக்குள் இருந்தால் கீழே உள்ளவரே முடிவு செய்யக்கூடிய கேள்விகளுக்கு இன்னொரு குறி. முதலாளி மட்டுமே சொல்ல முடிகிற கேள்விகளுக்கு மூன்றாவது. மூன்றாவது வகை பத்து, பன்னிரண்டைத் தாண்டாது. மற்றதெல்லாம் முதலாளி தன் பழக்கத்தால் தன் கையில் வைத்திருப்பவை.

இரண்டாம் வகைக் கேள்விகளுக்கு எல்லை எழுதும்போது "பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதக் கூடாது. எண் வேண்டும். மாதிரிக்கு: மேனேஜர் ஒரு தடவைக்கு 2,000 ரூபாய், மாதத்துக்கு 10,000 ரூபாய் வரை ஊசி, நூல், மிஷின் ரிப்பேர், அவசர வண்டி வாடகைக்குக் கேட்காமல் செலவு செய்யலாம், அன்று மாலையே வவுச்சர் வர வேண்டும். சூப்பர்வைசர் அரை நாள் லீவு கொடுக்கலாம். ஒரே நாளில் இரண்டு பேருக்கு மேல் என்றால் மேனேஜரைக் கேட்க வேண்டும். இந்தத் தொகைகள் உங்கள் கம்பெனிக்கு ஏற்ப மாறும். ஆனால் ஏதோ ஓர் எண் இருந்தே ஆக வேண்டும்.

கட்டிங் மாஸ்டர்: வேண்டாம் என்று சொல்லும் உரிமை

டி-ஷர்ட் விலையில் பெரும்பகுதி துணி. அந்தத் துணியின் மேல் கத்தி வைக்கும் ஆள் மாஸ்டர். ஆனாலும் பல இடங்களில் மாஸ்டருக்கு இருக்கிற ஒரே வேலை, வந்த துணியை வந்தபடி வெட்டுவது.

180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) துணியில் ஒரு பெரிய சைஸ் ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு வேஸ்ட் உட்பட ஏறக்குறைய 210 கிராம் போகும். ஆயிரம் பீஸுக்கு 210 கிலோ. அதே துணி 190 ஜிஎஸ்எம்மாக வந்தால் ஆயிரம் பீஸுக்குப் பதினொன்றரை கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தேவை. கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலும் 4,600 ரூபாய். துணி கிலோ கணக்கில் வருவதால் இது பில்லில் தெரியாது. கடைசியில் "ஐம்பது பீஸ் குறைகிறதே" என்று பேக்கிங்கில்தான் தெரியும்.

ஆகவே மாஸ்டரின் பொறுப்பை இப்படி எழுதலாம். துணி இறங்கியதும் ரோலுக்கு ரோல் ஜிஎஸ்எம் கட்டரில் வட்டம் வெட்டி எடை போடுவது (அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம்). டயா அளப்பது. 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் குறி போட்டுத் துவைத்து, காய வைத்து, திரும்ப அளப்பது; 50 என்பது 47.5 ஆனால் 5 சதவீதம் சுருக்கம். ரோலைப் பிரித்து ஓர் இரவாவது தளர விடுவது. அவசரத்தில் இதை விட்டுவிட்டால் வெட்டிய பிறகு துணி உள்ளே இழுக்கும். எல் சைஸ் எம் சைஸ் போல வரும். குற்றம் டெய்லர் மேல் விழும்.

உரிமையையும் அதே தாளில் எழுதுங்கள். ஜிஎஸ்எம் சொன்னதற்கு மேலோ கீழோ 5 சதவீதத்தைத் தாண்டினால், அல்லது சுருக்கம் ஒப்புக்கொண்டதற்கு மேல் போனால், மாஸ்டர் வெட்ட மாட்டார். அவரை வெட்டச் சொல்லும் உரிமை முதலாளிக்கு மட்டும். அதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே சொல்ல வேண்டும். "டெலிவரி இருக்கிறது, வெட்டுங்க அண்ணா" என்று மேனேஜர் வாயால் சொல்வது செல்லாது.

இன்னொன்று, ஒவ்வொரு மடிப்புத் துணிக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவது மாஸ்டரின் உதவியாளர் பொறுப்பு. 12-ஆம் மடிப்பின் முன்பக்கம் 13-ஆம் மடிப்பின் பின்பக்கத்தோடு சேர்ந்தால் ஷேடு மாறும். ஸ்டிக்கர் ஒட்டாத பண்டிலைச் சூப்பர்வைசர் லைனில் ஏற்றக் கூடாது. இங்கே இரண்டு பேர் பொறுப்பும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

சூப்பர்வைசரும் நல்ல டெய்லரும்

கம்பெனியிலேயே நன்றாகத் தைக்கிற பேட்லாக் (அடி மடித்துத் தைக்கும் மிஷின்) டெய்லரைச் சூப்பர்வைசர் ஆக்குவது வழக்கம். அடுத்த மாதமே இரண்டு நஷ்டம். பேட்லாக்கில் அவர் எடுத்த உற்பத்தி போச்சு. லைன் நடத்தத் தெரியாத ஒருவர் லைனில் நிற்கிறார். பீஸ் ரேட்டில் அவர் சம்பாதித்தது சூப்பர்வைசர் சம்பளத்தை விட அதிகமாக இருந்தால் அவருக்கும் மனக்கசப்பு. எங்காவது ஆள் வரவில்லை என்றால் அவரே மிஷினில் உட்கார்ந்துவிடுவார். அதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. சூப்பர்வைசர் மிஷினில் உட்கார்ந்த நேரத்தில் லைனுக்குத் தலை இல்லை.

இதற்கு இரண்டு ஏற்பாடு. முதலாவது, ஆறு வாரம் தற்காலிகமாகக் கொடுத்துப் பாருங்கள். பழைய வருமானம் குறையாது என்றும், பிடிக்காவிட்டால் மானக்குறைவு இல்லாமல் பழைய மிஷினுக்குத் திரும்பலாம் என்றும் முன்னாலேயே எல்லார் எதிரிலும் சொல்லிவிடுங்கள். திரும்பும் வழி இல்லாவிட்டால் தோற்றவர் கம்பெனியை விட்டே போவார். நல்ல டெய்லரையும் இழப்பீர்கள். இரண்டாவது, எட்டு, பத்து டெய்லருக்கு ஒருவர் என்று ஓவர்லாக் (ஓரம் வெட்டித் தைப்பது), பேட்லாக், சிங்கர் (சாதாரணத் தையல்) மூன்று மிஷினும் ஓட்டத் தெரிந்தவரைத் தனி மிஷின் ஒதுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறையும் திங்கட்கிழமை காலையில் அந்தச் சம்பளத்தின் மதிப்பு தெரியும்.

சூப்பர்வைசர் பிடித்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்றுதான்: மணிக்கு எத்தனை பீஸ். கணக்கு இப்படி. ஒரு பேசிக் டி-ஷர்ட் தைக்க 7 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லைனில் 12 டெய்லர், ஒரு ஷிப்டுக்கு 480 நிமிடம், ஆக 5,760 நிமிடம். லைன் திறன் 50 சதவீதம் என்றால் 2,880 நிமிடம். 7-ஆல் வகுத்தால் நாளைக்கு 411 பீஸ், மணிக்கு 51. இதை லைன் தலைப்பில் போர்டில் எழுதி மணிக்கு மணி நிஜ எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுத வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தைக்கும் லைனில் தமிழில் என்ன சொன்னாலும் போய்ச் சேராமல் போகலாம்; எண் போய்ச் சேரும்.

51 வர வேண்டிய இடத்தில் 38 வந்தால் எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது அவர் வேலை. பெரும்பாலும் கழுத்து ரிப் ஏற்றும் இடத்திலோ, பேட்லாக் அடி மடிக்கும் இடத்திலோதான் பண்டில் குவியும். முப்பது, நாற்பது பீஸுக்கு மேல் ஒரு மிஷின் முன் குவிந்தால் ஆளை மாற்றி உட்கார வைக்கும் உரிமை அவருக்கு வேண்டும், மேனேஜரைக் கேட்காமலே. மிஷினை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடும் உரிமையும் வேண்டும். பீஸ் ரேட்டை மாற்றுவது, நூலின் கவுண்டை (பருமனை) மாற்றுவது, இன்ச்சுக்கு எத்தனை தையல் என்பதை மாற்றுவது மூன்றும் அவர் கையில் இருக்கக் கூடாது. வேகம் கிடைக்கும் என்று தையலை நீளமாக்கினால் துணியை இழுத்ததும் பிரியும்.

கியூசி யாருக்குக் கீழே?

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கியூசி மேனேஜருக்குக் கீழே இருக்கக் கூடாது. முதலாளிக்கு நேரே இருக்க வேண்டும். மேனேஜர் எண்ணிக்கைக்குப் பதில் சொல்பவர். மாலை ஆறு மணிக்கு வண்டி நிற்கும்போது, தனக்குக் கீழே உள்ள கியூசியின் "வேண்டாம்" அவர் காதில் ஏறாது. கியூசியின் ஊக்கத்தொகையையும் டெலிவரி எண்ணிக்கையோடு கட்டக் கூடாது.

அவர் செய்ய வேண்டியது: லைனில் ஒவ்வொரு மிஷினிலும் நாளைக்கு இரண்டு தடவை 7 பீஸ் எடுத்துப் பார்ப்பது. ஒரு குறை வந்தால் டெய்லரிடம் சொல்லி, அடுத்த பண்டிலிலும் 7 பார்ப்பது. இரண்டு வந்தால் மிஷினை நிறுத்தி, கடைசி பண்டில் முழுவதையும் பார்ப்பது. ஊசி மழுங்கினால் துணியில் சின்னச் சின்ன ஓட்டை விழும். தைத்த உடனே தெரியாது, துவைத்த பிறகு பெரிதாகும். ஆகவே ஊசி மாற்றிய நேரத்தை எழுதும் நோட்டு அவரிடம் இருக்க வேண்டும். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்த பிறகே புது ஊசி கொடுப்பது என்பதும் அவர் கட்டுப்பாடு.

பேக்கிங் முடிந்த பிறகு ஏகியூஎல் (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற அளவுகோல்) 2.5-இல் பார்ப்பதாக இருந்தால், 501 முதல் 1,200 பீஸ் வரையுள்ள லாட்டுக்கு 80 பீஸ் எடுக்க வேண்டும். 5 குறை வரை ஏற்பு, 6 என்றால் லாட் திரும்பும். 1,201 முதல் 3,200 வரை என்றால் 125 பீஸ். 7 வரை ஏற்பு, 8-இல் திரும்பும். இந்த எண்களைச் சுவரில் ஒட்டுங்கள். "ஆறுதானே, விடுங்க" என்கிற பேச்சுக்கே இடம் இருக்காது.

கடைசியில் பிடித்துக்கொள்ளலாம் என்று விடுவது ஏன் தவறு என்றால், ஓவர்லாக் மிஷின் தைக்கும்போதே ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும். பிரித்துத் திருத்தி (ஆல்டர்) தைத்தால் மறுபடியும் வெட்டும். பீஸ் அளவு குறையும். ஒரு குறையைச் சரிசெய்யப் போய் அளவுக் குறை ஒன்று சேரும்.

ஸ்டோர், அக்கவுண்ட்ஸ், வேஸ்ட் துணி

ஆர்டர் போடுபவர், சரக்கைப் பெற்று எடை போடுபவர், பணம் கொடுப்பவர் மூன்றும் ஒரே கையாக இருக்கக் கூடாது. சிறு கம்பெனியில் அத்தனை ஆளுக்கு எங்கே போவது என்பார்கள். மூன்று பேரைப் புதிதாக வைக்க வேண்டியதில்லை. மேனேஜர் ஆர்டர் போடட்டும், மாஸ்டர் எடை பார்த்து டிசியில் (டெலிவரி சலானில்) கையெழுத்துப் போடட்டும், அக்கவுண்ட்ஸில் இருப்பவர் டிசியும் பில்லும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து முதலாளியிடம் அனுப்பட்டும்.

அதிகம் கசிகிற இடம் கட்டிங் வேஸ்ட். உள்ளே வந்த கிலோ = வெட்டிய பீஸ் எடை + வேஸ்ட் + மீதி ரோல். ஒவ்வொரு லாட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டு, வித்தியாசம் 1 சதவீதத்தைத் தாண்டினால் அன்றே கேட்க வேண்டும். வேஸ்டை எடை போடுபவரும் விற்றுப் பணம் வாங்குபவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும்.

முதலாளி கையில் எது மிஞ்ச வேண்டும்

பீஸுக்கு ரேட் பேசுவது, புது பார்ட்டிக்கு (ஆர்டர் கொடுப்பவருக்கு) கடன் கொடுப்பதா என்பது, பேங்க், மேனேஜர், மாஸ்டர், சூப்பர்வைசர், கியூசி ஆகியோரை எடுப்பதும் அனுப்புவதும், சட்டப் பொறுப்பு. அவ்வளவுதான்.

ரேட் பேசும் முதலாளிக்குச் சூப்பர்வைசரின் போர்டு எண் ஏன் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. கம்பெனி முழுவதும் 24 டெய்லர், 26 நாள், 480 நிமிடம். மொத்தம் 2,99,520 நிமிடம். மாதச் செலவு சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் சேர்ந்து 6,50,000 ரூபாய் என்று கொள்வோம். லைன் திறன் 50 சதவீதமாக இருந்தால் 7 நிமிட டி-ஷர்ட்டைத் தைத்துக் கொடுக்கும் அடக்கம் (துணி சேராமல்) 30 ரூபாய் 38 காசு. 60 சதவீதமாக இருந்தால் 25 ரூபாய் 32 காசு வரும். பார்ட்டி 28 ரூபாய் ரேட் சொன்னால் ஒரு கம்பெனிக்கு லாபம், இன்னொன்றுக்குப் பீஸுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் நஷ்டம். இந்த எண் தெரியாமல் பக்கத்து யூனிட் எடுத்த ரேட்டுக்கு நாமும் எடுப்பது, தலைமைப் பொறுப்பில் இருப்பவர் செய்யும் பெரிய பிழை. அதன் பலனை 40 குடும்பம் சுமக்கிறது.

வசூலும் முதலாளி பொறுப்பே. அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் வாங்குபவர் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டு) சட்டம். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டு, வாரத்தில் ஒரு நாளை வசூலுக்கென்றே ஒதுக்குங்கள். அக்கவுண்ட்ஸில் இருப்பவர் செவ்வாய் மாலை நிலுவைப் பட்டியல் கொடுத்தால் புதன் காலை முதலாளியே பேசலாம். இந்த போனை மேனேஜர் செய்தால் பார்ட்டி மதிப்பதில்லை.

சட்டப் பொறுப்பில் வேலையைப் பிறரிடம் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. கம்பெனியில் 10 பேர் ஆனால் ஈஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு), 20 பேர் ஆனால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). இரண்டுமே அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு) 11-ஆம் தேதி, 3பி (வரிக் கணக்கு) 20-ஆம் தேதி. கான்ட்ராக்டர் மூலம் வந்த ஆட்களுக்கு ஈஎஸ்ஐ கட்டாமல் விட்டால் கேள்வி முதன்மை முதலாளியிடம்தான் வரும். "அவர் ஆட்கள்" என்பது பதில் ஆகாது. கான்ட்ராக்டர் அந்தத் தொழிலாளிக்குக் கையில் எவ்வளவு கொடுக்கிறார் என்பதும் முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். ஒன்றரை ஷிப்ட் பழகிப்போன ஊரில் இதையும் மனதில் வைத்தே டெலிவரி தேதி ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான யூனிட்களில் பாதிக்கு மேல் பெண்கள். 10 பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள் குழு வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பல இடங்களில் இது ஃபைலில் மட்டும் இருக்கிறது. பெயர்களையும் போன் எண்ணையும் பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள். மேனேஜரையோ சூப்பர்வைசரையோ பற்றிப் புகார் வரலாம் என்பதால் இந்தக் குழு அவர்கள் இருவருக்கும் கீழே இருக்கக் கூடாது.

அண்ணன் ஒன்று சொல்ல, தம்பி ஒன்று சொல்ல

கூட்டுத் தொழிலில் ஆர்டர் ஒரு பக்கம் அண்ணன், ஃபேக்டரி ஒரு பக்கம் தம்பி, கணக்கு மச்சான் என்று இருப்பது சாதாரணம். அண்ணன் வந்து "இந்த லாட்டை முதலில் ஏற்று" என்பார். பின்னாலேயே தம்பி வந்து மாற்றுவார். சூப்பர்வைசர் யார் சத்தமாகச் சொன்னார்களோ அவர் சொன்னதைச் செய்வார், அல்லது இரண்டையும் பாதியில் நிறுத்துவார்.

வரிசையை யார் முடிவு செய்வது என்று ஒருவர் பெயரைத் தாளில் எழுதிவிட வேண்டும். மற்றவர் மாற்ற நினைத்தால் அவரிடம்தான் சொல்ல வேண்டும், லைனில் நின்று சொல்லக் கூடாது. பார்ட்னர்ஷிப் என்றால் இன்னும் கவனம்: தொழில் தொடர்பாக ஒரு பங்குதாரர் போட்ட கையெழுத்து நிறுவனத்தையே கட்டுப்படுத்தும், கடனுக்கு எல்லாப் பங்குதாரரும் தனித்தனியாகவும் சேர்ந்தும் பொறுப்பு. 1932-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் செக் இரண்டு கையெழுத்து என்று பத்திரத்திலும் பேங்கிலும் எழுதி வையுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே எழுதுவது நல்லது.

கொடுத்ததைத் திரும்பப் பிடுங்காமல்

இந்தப் பொறுப்புப் பட்டியலை எழுதிய மறுநாளே எல்லாம் மாறாது. முதல் இரண்டு வாரம் கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் "நீங்கள் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த இரண்டு வாரம் அவர்களே முடிவு செய்து, செய்வதற்கு முன்னால் தகவல் சொல்லட்டும். பிறகு செய்துவிட்டு மாலையில் சொன்னால் போதும். காலை 8:30-க்கு மேனேஜர், மாஸ்டர், சூப்பர்வைசர், கியூசி நான்கு பேரும் நின்றபடி பத்து நிமிடம் பேசட்டும்: நேற்று எத்தனை, இன்று எத்தனை, எது குறைகிறது.

ஒரு முடிவு தவறாகப் போகும். கட்டாயம் போகும். மேனேஜர் 1,800 ரூபாய்க்குத் தவறான நூல் வாங்கிவிடுவார். அப்போது லைனில் எல்லார் எதிரிலும் முதலாளி சத்தம் போட்டால், அடுத்த வாரத்திலிருந்து பழையபடி ஒவ்வொன்றுக்கும் போன் வரும். எல்லைக்குள் நடந்த தவறை அறைக்குள் பேசி, எல்லையைத் திருத்துங்கள். எல்லையைத் தாண்டிச் செய்ததைத்தான் கண்டிக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சோதனை. முதலாளி மூன்று நாள் கம்பெனிக்கு வர வேண்டாம், போனும் எடுக்க வேண்டாம். திரும்பி வந்து எது நின்றது என்று பார்த்தால், பெரும்பாலும் சின்ன விஷயங்களாகவே இருக்கும்: ஈ-வே பில் (சரக்கு அனுப்பும் ஜிஎஸ்டி சீட்டு) பாஸ்வேர்டு முதலாளி போனில், ஓடிபி முதலாளி நம்பரில், நூல் ஸ்டோர் சாவி முதலாளி வண்டியில். ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஆள் ஒருவரைக் குறித்து, பட்டியலில் சேருங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்ப மாட்டார்கள். சூப்பர்வைசரோ மாஸ்டரோ அதில் இருக்கலாம். ஆகவே கம்பெனி திறக்கிற அன்று மிஷினுக்குப் பூஜை போட்ட கையோடு பட்டியலை எடுத்து, பெயர்களைச் சரிபார்த்து, தேதி போட்டு, புதிதாக வந்தவரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத சூப்பர்வைசர் என்றால் இந்தியிலும் ஒரு பிரதி.